ஸ்ரீதரன் சிரித்த ஒரே படம்

கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு மருந்துக் கடை இருக்கிறது. பக்கத்துப் படியேறிப் போனால் மாடியில் ஓர் அறை. கலாராணி அங்கே உட்கார்ந்துதான் வெப்சைட்டுகளுக்குப் படம் செய்து கொடுக்கிறாள். இது ஒரு தொழில் என்று சொந்தபந்தத்தை நம்ப வைப்பதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. புசல்லாவையில் இருக்கும் அவளுடைய சித்தப்பா இன்றைக்கும், "படம் வரையிறது சரி புள்ள, வேல என்னா செய்யிற?" என்றுதான் கேட்கிறார். அவர் கேள்வியில் விஷமம் இல்லை. தேயிலை மலை ஏறி இறங்கியே காலம் தள்ளிய மனிதருக்கு, நாள் முழுக்கக் கதிரையில் உட்கார்ந்திருப்பது வேலையாகத் தெரியவில்லை.

அறையில் இரண்டு மேசைகள், எதிரும் புதிருமாக. ஒன்று கலாராணியுடையது. மற்றதில் அவளுடைய கணவன் ஸ்ரீதரன் இருந்தான். அவன் போய் ஒரு வருடம் ஆகப் போகிறது. டெங்கு. சாதாரணக் காய்ச்சல் என்று படுத்தவன் அடுத்த கிழமை உயிரோடு இல்லை. நாற்பதைத் தொடாதவன் சாகிறதா என்று ஊரே கேட்டது. கேட்டு என்ன பயன்.

இருவரும் செய்த வேலையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் கலாராணிக்கு என்ன நேர்ந்தது என்பது விளங்காது. ஒரு ஹோட்டலின் வெப்சைட்டைத் திறந்தால் முகப்பில் ஒரு படம் வரும். மலை, மாடம், தேநீர்க் கோப்பை, மேலே ஹோட்டலின் பெயர், ஓரத்தில் சின்னம். பார்க்கிறவருக்கு அது ஒரே படம். உள்ளே இருப்பதோ இரண்டு வகை. போட்டோ என்பது சின்னச் சின்ன நிறச் சதுரங்களை நெருக்கி அடுக்கியது. ராஸ்டர் என்பார்கள். அளவுக்கு மீறி இழுத்தால் சதுரங்கள் பல்லை இளித்துவிடும். பெயரும் சின்னமும் கோடுகளால் ஆனவை. வெக்டர் என்பார்கள். அதைத் தபால் முத்திரை அளவிலும் வைக்கலாம், பஸ்ஸின் முதுகளவிலும் வைக்கலாம், விளிம்பு பிசிறாது. போட்டோ எடுப்பதும் அதைப் போட்டோஷொப்பில் திருத்துவதும் ஸ்ரீதரனின் பாடு. கோட்டு வேலையை எல்லாம் கலாராணி இலஸ்ட்ரேட்டரில் செய்வாள். கடைசியில் இரண்டும் அவளுடைய கோப்பில் ஒன்றுசேரும்.

ஒன்றுசேரும் என்று சொன்னேனே, அதில்தான் விஷயம். அவனுடைய போட்டோவை அவள் தன் கோப்புக்குள் எடுத்து வைத்துக்கொள்வதில்லை. போட்டோ அவனுடைய கணினியிலேயே இருக்கும். அவளுடைய கோப்பு ஒரு கேபிள் வழியாக அதை எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான். இதற்கு லிங்க் என்று பெயர். கோப்பு கனக்காது. அதோடு, அவன் அங்கே வானத்தைக் கொஞ்சம் வெளிறச் செய்தால், இங்கே அவளுடைய திரையில், படம் மாறியிருக்கிறது, புதுப்பிக்கவா என்று கேட்கும். அவள் ஆம் என்று அழுத்துவாள். வானம் வெளிறும். வாய் திறந்து ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. ஸ்ரீதரனுக்குக் குறும்பு தலைக்கேறினால் ஏதாவது ஒரு ஹோட்டல் முதலாளியின் வழுக்கைத் தலையில் கொண்டை போட்டுச் சேமித்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன்போல் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவள் அறியாமல் ஆம் என்று அழுத்துவாள். பிறகு இரண்டு பேரும் சிரித்து வயிறு புண்ணாகும். கல்யாணமான புதிதில் பாதி நாள் வேலையே நடந்ததில்லை.

ஊரையெல்லாம் படமெடுத்தவன் தன்னைப் படமெடுக்க மட்டும் விடமாட்டான். அவனுக்கு முன்பல் ஒன்று பக்கத்துப் பல்லின்மேல் ஏறி நிற்கும். பள்ளிக்கூடத்தில் அதை வைத்துப் பட்டப்பெயர் சூட்டிப் பாடாய்ப் படுத்தியிருக்கிறார்கள். யாராவது போனைத் தூக்கினால் முகத்தைத் திருப்பிக்கொள்வான், இல்லாவிட்டால் கையால் வாயை மறைத்துக்கொள்வான். கல்யாண ஆல்பத்தில்கூட உதட்டை இறுக்கிக்கொண்டு, கோர்ட்டில் தீர்ப்புக் கேட்க நிற்பவன் மாதிரித்தான் நிற்கிறான். அவன் வாய்விட்டுச் சிரித்த படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

ஹந்தானை மலையில் ஜமால்தீன் என்பவருக்கு ஒரு விருந்தினர் விடுதி உண்டு. அதன் வெப்சைட்டுக்குப் படமெடுக்கப் போயிருந்தார்கள். மாடத்தில் உட்கார்ந்து தேநீர் குடிப்பதற்கென்று ஓர் ஆளைப் பேசி வைத்திருந்தார்கள். அந்த ஆள் வரவில்லை. ஹந்தானையில் பனி எப்போது இறங்கி மலையை மறைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, காத்திருக்க வழியில்லை. "நீங்களே உக்காருங்க" என்றாள் கலாராணி. அவன் மாட்டவே மாட்டேன் என்று நின்றான். கடைசியில் வேறு வழியில்லாமல், கமராவை மூன்று கால் தாங்கியில் நிறுத்தி எல்லாவற்றையும் சரிசெய்து, "இத மட்டும் அழுத்து, வேற ஒண்ணயும் தொடாத" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தான். கோப்பையைக் கையில் எடுத்தவன் கட்டைபோல் விறைத்துக்கொண்டிருந்தான். பின்னால் நின்ற ஜமால்தீன், "தம்பி, ரூம் எடுத்த ஆள் மாதிரிக் குடிங்க. இது ஓசி டீ குடிக்கிற மாதிரி ஈக்கிது" என்றார். ஸ்ரீதரன் சிரித்துவிட்டான். கலாராணி அழுத்திவிட்டாள்.

அறைக்கு வந்ததும் அவன் செய்த முதல் வேலை, படத்தில் தன் பல்லை நேராக்கியது. "அப்படியே உடுங்க, நல்லாத்தான் இருக்கு" என்று அவள் சொல்லிப் பார்த்தாள். "ஓட்டலுக்கு வர்றவன் என் பல்லயா பாக்கணும்?" என்று கேட்டுவிட்டு அவன் பாட்டுக்குத் திருத்தினான். அவளும் சும்மா இருக்கவில்லை. விடுதியின் பெயருக்கு இடது பக்கம் இடம் வேண்டும் என்பதற்காக, படத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம்வலமாகத் திருப்பிப் போட்டாள். போனில் சட்டென்று திறக்க வேண்டும் என்று முடிந்த மட்டும் சுருக்கினாள். இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான்.

தெல்தோட்டையில் இருக்கும் ஸ்ரீதரனின் அம்மா புஷ்பத்துக்கு அந்தப் படம் என்றால் உயிர். மகன் போனில் வெப்சைட்டைத் திறந்து காட்டியபோது லயத்து வரிசை வீடுகளில் இருந்த எல்லாரையும் கூப்பிட்டு, "தொரை மாதிரி உக்காந்து டீ குடிக்கிறான் பாருங்கடி" என்று காட்டினாள். அதனால்தான் சாவு வீட்டில் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி மாலை போட்டு வைத்தபோது அவளால் பொறுக்க முடியவில்லை.

"இது எம்புள்ள இல்ல. பொலிஸ்ல புடிச்சுக் கொண்டாந்து நிக்க வச்ச மாதிரி இருக்கு" என்றாள். பிறகு மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "திவசத்துக்கு அந்தச் சிரிச்ச படத்தப் பெருசா போட்டுக் கொண்டா தாயி. இதப் பாத்து என்னால வெளக்கேத்த ஏலாது."

"கொண்டாறேன் மாமி" என்றாள் கலாராணி. படம் எங்கே போகப் போகிறது, கோப்பில்தானே இருக்கிறது என்று நினைத்தாள்.

எதிர் மேசையைப் பார்க்க அவளால் முடியவில்லை. அந்தக் கணினியை இயக்கினால் அதன் விசிறி ஒரு மாதிரி இரையும். அந்த இரைச்சலைக் கேட்டாலே அவன் அங்கே இருப்பதாக நெஞ்சு நம்பும். நிமிர்ந்து பார்த்தால் வெறும் கதிரை. எத்தனை நாளைக்குத்தான் இப்படி ஏமாறுவது. ஸ்ரீதரனின் அண்ணன் ராஜலிங்கம் கலஹாவில் போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கிறார். கணினியை அவருக்கே கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தாள். தொழில்காரி அல்லவா, துடைத்துச் சுத்தமாகக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தாள். வாடிக்கையாளர்களின் போட்டோக்களை ஒன்றுவிடாமல் பிரதி எடுத்தாள். கல்யாணப் படங்களை எடுத்தாள். 'குப்பை' என்று அவன் பெயர் வைத்திருந்த ஃபோல்டர் ஒன்று இருந்தது. மங்கலாக விழுந்தவை, கண்மூடியவை எல்லாம் அதில் கிடக்கும் என்பது அவளுக்குத் தெரியும். துக்கம் ஆறாத நேரம் அது. அதைத் திறந்து பார்க்கவில்லை. எல்லாவற்றையும் அழித்து, புதிதாக விண்டோஸ் போட்டு அனுப்பிவிட்டாள்.

திவசத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஜமால்தீன் விடுதியின் கோப்பைத் திறந்தாள். விடுதியின் பெயர் ஊசிமுனைபோல் துல்லியமாக வந்தது. அவள் வரைந்த மலைக்கோடு வந்தது. கொழுந்துச் சின்னம் வந்தது. நடுவில் வெள்ளை. இணைத்த படத்தைக் காணவில்லை என்று ஒரு சிறு பெட்டி எழும்பியது. படம் எங்கே இருந்தது என்ற விலாசத்தையும் அதுவே சொன்னது. ஸ்ரீதரனின் கணினி. குப்பை ஃபோல்டர். தன் முகத்தை அவன் அங்கேதான் போட்டு வைத்திருந்தான்.

கீழே கொண்டக்டர்மார் ஊர்ப் பெயர்களைக் கூவிக்கொண்டிருந்தார்கள். அவள் அந்தப் பெட்டியை மூடாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். வேறு யாராவது அழித்திருந்தால் வாயாரத் திட்டியாவது ஆறலாம். போட்டோவைக் கோப்புக்குள்ளேயே வைத்துக்கொள்ள ஒரு பொத்தான் இருக்கிறது. ஒரு தரம் அழுத்தியிருந்தால் போதும். கோப்பு கனக்கும் என்று அழுத்தாமல் விட்ட கெட்டிக்காரி அவளேதான்.

கலஹாவுக்கு ஓடினாள். ராஜலிங்கம் உடனே கணினியைக் கழற்றிக் கொடுத்தார். அழிந்ததை மீட்டுத் தருகிற ஒருவர் கண்டியில் இருக்கிறார். அவர் அதை வாங்கி வைத்துப் பார்த்துவிட்டு, இவ்வளவு நாள் அதன்மேல் எழுதிய பிறகு ஒன்றும் மிஞ்சாது என்று கையை விரித்தார்.

பெரிய அளவில் ஒரு பிரதி ஜமால்தீனிடமாவது இருக்காதா என்று ஹந்தானைக்குப் போனாள். அவர் அவளை அதே மாடத்தில் உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தார். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது.

"எங்கிட்டப் பெருசு இல்லயே தங்கச்சி. நான் அப்பவே கேட்டேன், ஒண்ணு பெருசாத் தாங்க, ஹோல்ல மாட்டுவம்னு. நீங்கதான் சின்னதா இருந்தாத்தான் போன்ல சுறுக்கா தொறக்கும்னு சொன்னீங்க."

"ஆமாங்க ஜமால்தீன் நானா. நான்தான் சொன்னேன்."

"வெப்சைட்ட மாத்தணும்னு என்ட மருமகன் ஒரே கரச்சல். நான்தான் விடல்ல. அதில தம்பி ஈக்கிறாரே, எப்படித் தூக்கிறது?"

கலாராணி தேநீரை முழுதாகக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டாள்.

மிஞ்சியது வெப்சைட்டில் இருந்த அந்தச் சின்னப் படம்தான். அதில் ஸ்ரீதரனின் முகம் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. இழுத்துப் பெரிதாக்கினால் கண் ஒரு கறுத்த சதுரம், பக்கத்தில் பழுப்புச் சதுரம், சிரிப்பு நான்கைந்து வெள்ளைச் சதுரம். மங்கிய முகத்தைத் தெளிவாக்கித் தரும் செயற்கை நுண்ணறிவு என்று இப்போது வந்திருக்கிறதே, அதிலும் கொடுத்துப் பார்த்தாள். அது ஒரு முகத்தைக் கொடுத்தது. நல்ல முகம்தான். வங்கி விளம்பரத்தில் சிரிக்கிற எவனோ ஒருவன். அவனைப் பார்த்ததும் அவளுக்கு வந்த கோபத்தில் கணினியைத் தூக்கி ஜன்னல் வழியாக எறியாமல் இருந்ததே பெரிது.

கடைசியில் தன் கையை நம்பினாள். கோடுதானே அவளுடைய தொழில். சதுரம் சதுரமாய்க் கலங்கிக் கிடந்த அந்தப் படத்தைக் கீழே வைத்து, அதன்மேல் வெக்டரில் அவனை வரையத் தொடங்கினாள். முதலில் தான் திருப்பிப் போட்டதை மறுபடி திருப்பினாள். பிறகு நெற்றி, காது, கழுத்து. படம் காட்டாத இடத்தை ஞாபகத்தில் இருந்து எடுத்தாள். வலது புருவம் நடுவில் கொஞ்சம் உடைந்திருக்கும். மூக்கின் அடியில் சவரம் செய்யும்போது எப்போதும் கொஞ்சம் விட்டுவிடுவான். மற்ற வேலைகளை ஒதுக்கி வைத்துவிட்டு நாட்கணக்கில் அதையே செய்தாள். சில நேரம் ஒரு கோடு சரியாக விழும். அப்போது, இதோ இவன்தான் என்று தோன்றும். அப்படித் தோன்றிய நாட்களில் பசிகூடத் தெரியவில்லை.

வாய்க்கு வந்ததும் தடுமாறிப் போனாள். படத்தில் இருப்பது அவன் நேராக்கிய பல். அந்த நேர்ப் பல்லோடு அவனைச் சுவரில் மாட்ட அவளுக்கு மனம் வரவில்லை. உயிரோடு இருந்தவரை அந்தப் பல்லைப் பார்த்து அவள் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. சரி, ஏறி நின்றது எந்தப் பக்கத்துப் பல்? இடது பக்கம் என்று வரைந்தாள். அது அவளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தபோது தெரிந்த இடதா, அவனுடைய இடதா? அழித்துவிட்டு வலது பக்கம் வரைந்தாள். அதுவும் அவனாகத்தான் தெரிந்தது. கண்ணாடி முன்னால் போய் நின்று தன் பல்லில் விரலை வைத்துப் பார்த்தாள். பார்க்கப் பார்க்கக் குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை. மாமிக்குப் போன் செய்தாள்.

"மாமி, அவருக்கு ஏறி நிக்கிற பல்லு எந்தப் பக்கம்?"



"என்னா கேள்வி புள்ள இது? பத்து வருஷமா குடும்பம் நடத்துனவ நீ."

"மறந்து போச்சு மாமி."

"சோத்துக் கை பக்கந்தான்" என்றாள் புஷ்பம். பிறகு குரல் தயங்கியது. "இல்ல, இரு. அவன் சின்னதுல படிக்கட்டுல உழுந்து பல்லு போனது ஒரு பக்கம். அதுக்கு மத்தப் பக்கம். உழுந்தது எந்தப் பக்கம்..." அழுகிறாள் என்பது கலாராணிக்குத் தெரிந்தது. "பெத்தவளுக்கே தெரியலயே தாயி" என்றாள் புஷ்பம் கடைசியில்.

கலாராணி வலது பக்கம் வரைந்தாள். ஏதாவது ஒரு பக்கம் வரைந்துதானே ஆக வேண்டும்.

அச்சுக் கடைக்காரர் என்ன அளவு என்று கேட்டார். எந்த அளவிலும் போடலாம் என்றாள். கோட்டுப் படம், எவ்வளவு பெரிதாக்கினாலும் பிசிறாது. முன்னறைச் சுவருக்குப் பொருத்தமாக ஓர் அளவைச் சொல்லி, கண்ணாடிச் சட்டம் போட்டு, துணியில் சுற்றி, தெல்தோட்டை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே போனாள். புஷ்பம் துணியைப் பிரித்தாள். கண்ணாடியை முந்தானையால் துடைத்தாள். துடைக்கத் தேவையே இல்லை, புத்தம் புதியது. பிறகு படத்தை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, "வந்துட்டியா சாமி" என்றாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் எட்டிப் பார்த்து, அச்சு அசல் அவனேதான் என்றார்கள். அவர்களில் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ராஜலிங்கம் மட்டும் சற்றுத் தள்ளி நின்று நெடுநேரம் பார்த்தார். "நல்லா வரஞ்சிருக்க கலா" என்று சொல்லிவிட்டு, வாழையிலை வெட்டப் போய்விட்டார்.

பூசை முடிந்தது. விளக்கேற்றினார்கள். புஷ்பம் அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டாள் என்பதில் எல்லோருக்கும் திருப்தி. கலாராணி சாப்பிட்டேன் என்று பேர் பண்ணிவிட்டு, பின்னேர பஸ்ஸைப் பிடித்தாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது.

அவன் போன நாளில் இருந்து பஸ்ஸில் உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொள்வது அவளுக்கு வழக்கமாகியிருந்தது. வேறெங்கும் வராதவன் அப்போது வந்துவிடுவான். கேட்டு வருவதில்லை, தன் பாட்டுக்கு வருவான். ஒரு நாள் செருப்பைத் தேடிக்கொண்டு வருவான். ஒரு நாள் சோற்றில் கைவைத்துக்கொண்டு எதையோ யோசிப்பான். முகம் ஒருபோதும் முழுதாகத் தெரியாது. திரும்பிக்கொண்டே இருப்பான். அது போதும் அவளுக்கு. அதை வைத்துத்தான் இந்த ஒரு வருடத்தைத் தள்ளியிருந்தாள்.

அன்றைக்கும் கண்ணை மூடினாள். கோப்பையைப் பிடித்தபடி ஒருவன் நேரே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். புருவம் வெட்டினாற்போல் இருந்தது. வலது பக்கத்துப் பல் ஏறி நின்றது. சரி, இது இன்றைக்குப் பார்த்த நினைவு, போய்விடும் என்று கண்ணைத் திறந்து வெளியே தேயிலையைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து மூடினாள். அவன்தான். கலஹா தாண்டி மூடினாள். அவனேதான். "கொஞ்சம் திரும்புங்களேன்" என்று மனசுக்குள் கெஞ்சினாள். அவன் திரும்பவில்லை. அந்த முகத்துக்கு அவள் ஒரு பக்கம்தான் வரைந்திருந்தாள்.

பேராதனைப் பாலத்தில் பஸ் நின்றபோது பக்கத்தில் இருந்த சிங்கள அம்மா, அவள் அழுவதைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள். கலாராணி வாங்கிக் குடித்தாள். ஸ்ரீதரனைக் கண்ணுக்குள் வைத்திருந்தவள் அவள் ஒருத்திதான். அந்த இடத்திலும் இப்போது அவள் வரைந்தவன் வந்து உட்கார்ந்துவிட்டான்.